ஓதுதலும் வாசித்தலும்: நான்கு நாவல்களில் முஸ்லிம் சிறார் கல்வி

முன்னுரை

பல சமயத்தாரும் பல மொழியினரும் கலந்து வாழும் ஒரு நாட்டில், ஒரு சமயத்தார் தம் மக்களுக்குத் தம் மறையைக் கற்பிக்கும் உரிமையும் அம்மக்கள் பொதுக்கல்வி பெறும் உரிமையும் ஒருங்கே நிறைவேறுவது எவ்வாறு என்னும் வினா நெடுநாளையது. அண்மை ஆண்டுகளில் இவ்வினா சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் கூர்மை பெற்றுள்ளது. அரசு நிதியில் இயங்கிய மதரசாக்களைப் பொதுப்பள்ளிகளாக மாற்றும் சட்டத்தை அஸ்ஸாம் 2020இல் இயற்றியது. உத்தரப்பிரதேச மதரசாக் கல்வி வாரியச் சட்டம் (2004) அரசியலமைப்புக்கு முரணானது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, உயர்கல்விப் பட்டங்கள் தொடர்பான பகுதி நீங்கலாக அச்சட்டம் செல்லும் என்று அறிவித்தது.

இவ்விவாதங்களில் ‘மதரசாவா, பள்ளிக்கூடமா’ என்னும் எதிர்நிலை பெரும்பாலும் ஆராயப்படாமலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆனால், நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006இல் அளித்த அறிக்கை, பள்ளி செல்லும் வயதுடைய முஸ்லிம் சிறாருள் முழுநேர மதரசாவில் பயில்வோர் 3 விழுக்காட்டை ஒட்டியவரே என்று குறித்தது. பள்ளிவாசலை ஒட்டி நடைபெறும் மக்தபையும் முழுநேர மதரசாவையும் ஒன்றாகக் கருதுதல் பிழை என்பதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. மக்தபுக்குக் காலையிலோ மாலையிலோ செல்லும் குழந்தை, எஞ்சிய நேரத்தில் பொதுப்பள்ளியில் அமர்ந்திருக்கும் குழந்தையே ஆகும். அங்ஙனமாயின் முஸ்லிம் குழந்தை பள்ளியை விட்டு விலக நேரும்போது, அதனை விலக்கியது எது என்னும் வினா எழுகிறது. நாவல் இலக்கியம் இவ்வினாவிற்குத் தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைக்கம் முகம்மது பஷீரின் ‘பால்யகால சகி’ (1944), ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ (1951) ஆகிய இரு மலையாள நாவல்களும், தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988), சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) ஆகிய இரு தமிழ் நாவல்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. பஷீர், குளச்சல் மு. யூசுப் உள்ளிட்டோரின் மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ் வாசகருக்கு நன்கு அறிமுகமானவர். மீரானின் தேங்காய்ப்பட்டணம் 1956 வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த ஊர். பஷீரின் தலையோலப்பறம்பும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. மலையாள வழியில் கற்ற மீரான், தம் ஆக்கங்களை மலையாள எழுத்தில் எழுதிப் பின்னர்த் தமிழெழுத்துக்கு மாற்றச் செய்தவர். எனவே இவ்விருவரையும் ஒரே கல்விச் சூழலின் இரு மொழிப் பதிவாளர்களாகக் கொள்வதில் தடையில்லை. சல்மாவின் களம் திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதி. இக்களம் திருவிதாங்கூர் மரபிற்கு வெளியே அமைவதாலேயே ஒப்பீட்டிற்குத் தேவையாகிறது.

ஓதுதல், வாசித்தல், பள்ளி

தமிழில் ‘பள்ளி’ என்னும் சொல் சமணர் உறைவிடத்தையும், முஸ்லிம்களின் தொழுகையிடத்தையும், கல்விக்கூடத்தையும் ஒருங்கே குறித்து வருகின்றது. சமயமும் கல்வியும் ஒரு கூரையின்கீழ் இருந்த வரலாற்றை இச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது. ‘ஓதுதல்’ என்பதும் இத்தகையதே. தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களுள் ஒன்றாக ஓதலைத் தொல்காப்பியம் வைத்தது. வேதம் ஓதுதல், தேவாரம் ஓதுதல், குர்ஆன் ஓதுதல் என மூன்று மரபினரும் இச்சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றனர். பொருள் அறியுமுன் ஒலியை மனத்தில் பதித்தல் என்பது திண்ணைப்பள்ளிக்கும் வேதபாடசாலைக்கும் ஓதுபள்ளிக்கும் பொதுவான கல்விமுறை. மனப்பாடக் கல்வியை மதரசாவிற்கு மட்டும் உரிய குறையாகக் காட்டுவோர் இப்பொதுமையைக் கருதுவதில்லை.

அரபியில் ‘கரஅ’ என்னும் வினையடி ஓதுதல், வாசித்தல் ஆகிய இரு பொருளையும் தாங்குவது. குர்ஆனில் முதலில் அருளப்பெற்றதாகக் கொள்ளப்படும் ‘இக்ரஃ’ என்னும் ஏவற்சொல் இவ்வடியிலிருந்து பிறந்தது. மரபுவழி ஆசிரியர் அதனை ‘ஓதுக’ என்று கொள்ள, சீர்திருத்தம் வேண்டியவர் ‘வாசிக்க’ என்று கொள்ள இடமுண்டு. தமிழ் இவ்விரு பொருளையும் இரு சொற்களாகப் பிரித்துவிட்டது. ஆகவே தமிழ் முஸ்லிம் குழந்தை காலையில் ‘ஓதவும்’, பின்னர்ப் ‘படிக்கவும்’ செல்கிறது. ஒரே செயலின் இரு கூறுகள் வெவ்வேறு இடங்களாகவும் வெவ்வேறு நேரங்களாகவும் வெவ்வேறு எழுத்துகளாகவும் பிரிந்து நிற்கின்றன.

இப்பிரிவை இணைக்க முயன்ற மரபு ஒன்று உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களில் செழித்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதிய ‘மகானீ’ போன்ற நூல்கள் சமயச் சட்டத்தை மக்களின் தாய்மொழியில் விளக்கின. தமிழெழுத்து அறியாத பெண்டிரும் அரபுத்தமிழ் நூல்களை வாசித்தனர். அவர்களை எழுத்தறிவற்றோர் என்று பொதுக் கணக்கெடுப்பு கருதியிருக்கக்கூடும். வாசிப்பு இருந்தது, ஆனால் அவ்வாசிப்பைப் பொதுச் சமூகம் அறியவில்லை. கேரளத்தில் அரபு மலையாளம் ஆற்றிய பணியும் இதனை ஒத்ததே.

பஷீர்: நின்றுபோன படிப்பும் தாமதமாக வந்த எழுத்தும்

‘பால்யகால சகி’யில் மஜீதும் சுஹராவும் ஒன்றாகப் பொதுப்பள்ளியில் பயில்கின்றனர். கணக்கில் சுஹரா கெட்டிக்காரி. மஜீதோ ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் சற்றுப் பெரிய ஒன்று எனச் சொல்லித் தண்டனை பெறுபவன். முஸ்லிம் சிறுமி பொதுப்பள்ளியில் அமர்வது இந்நாவலில் சிக்கலாகவே காட்டப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எந்த மொல்லாக்காவும் அவளைத் தடுத்து நிறுத்துவதில்லை. பாக்கு வாணிகம் செய்து வந்த தந்தை இறந்தவுடன் அவளது படிப்பு நிற்கிறது. நகரத்துப் பள்ளிக்கு மஜீது செல்கிறான். சுஹரா வீட்டில் தங்குகிறாள். அவளையும் படிக்கவைக்குமாறு மஜீது தன் தந்தையிடம் மன்றாடுகிறான். செல்வராகிய அவர், உதவி வேண்டி நிற்கும் உறவினர் பலர் உளர் என்று கூறி மறுத்துவிடுகிறார். அம்மறுப்பில் சமயம் ஒரு சொல்லாகவும் இடம்பெறவில்லை. தன்னினும் குறைந்த மாணவன் படிப்பைத் தொடர, சிறந்த மாணவி நின்றுவிடுவதில் உள்ள அநீதியைப் பஷீர் எவ்வித உரத்த குரலுமின்றிச் சொல்லிச் செல்கிறார். பிற்பகுதியில் சுஹரா அடையும் மணவாழ்க்கைத் துயர் அனைத்திற்கும் வித்து இங்குதான் ஊன்றப்படுகிறது.

ஏழு ஆண்டுகள் கழித்து வந்த ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ இதற்கு மறுதலையான நிலையைக் காட்டுகிறது. குஞ்ஞுபாத்தும்மாவின் குடும்பம் செல்வக்குடும்பம். பாட்டனார் யானை வைத்திருந்தார் என்னும் பெருமையே அவ்வீட்டின் முதன்மையான பாடம். பணம் இருந்தும் அவளுக்கு எழுத்து இல்லை. எழுத்தறியாமை ஒரு குறையென்றே அக்குடும்பம் எண்ணியதில்லை. சொத்து வழக்கில் அழிந்து சிறுவீட்டிற்குக் குடிபெயர்ந்த பின்னரே, அண்டைவீட்டில் குடியேறிய நிசார் அகமதின் தங்கை ஆயிஷாவிடம் அவள் எழுத்துக் கற்கிறாள். ஈண்டு இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, எழுத்தைக் கொண்டுவருபவள் தொழுகையும் நோன்பும் உடைய மற்றொரு முஸ்லிம் பெண். எழுத்து சமயத்திற்கு வெளியிலிருந்து வரும் பொருள் என்னும் எண்ணத்தை இப்படைப்பாக்கம் தகர்க்கிறது. இரண்டாவது, செல்வம் போன பின்னரே எழுத்து நுழைகிறது. சுஹராவுக்குப் பணமின்மை தடை. குஞ்ஞுபாத்தும்மாவுக்குப் பணம் ஈட்டித் தந்த பெருமிதம் தடை. இரு நாவல்களையும் இணைத்துப் படிக்கும்போது, பஷீர் சமயத்தைக் காட்டிலும் குடும்பத்தின் பொருளியலையும் குலப்பெருமையையுமே குற்றக்கூண்டில் நிறுத்துகிறார் என்பது புலனாகும்.

எனினும் பஷீரின் தீர்வில் ஒரு குறை உண்டு. குஞ்ஞுபாத்தும்மா பெறும் எழுத்து அவளைத் திருமணத்திற்கு ஆயத்தப்படுத்துகிறது. நிசார் அகமதின் மனைவியாவதில் அவள் கதை நிறைவுறுகிறது. தந்தையின் வீட்டிலிருந்து கணவனின் வீட்டிற்கு அவள் எழுத்துடன் செல்கிறாள். அவ்வெழுத்தைக் கொண்டு அவள் என்ன வாசிப்பாள் என்னும் வினாவை நாவல் எழுப்பவில்லை.

மீரான்: அதிகாரத்தின் அச்சம்

‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைச் சீர்திருத்த நாவல் என்று வகைப்படுத்தும் போக்குத் தமிழ்த் திறனாய்வில் உண்டு. இருளில் கிடந்த கிராமத்திற்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருகிறது, பழமை எதிர்க்கிறது, புதுமை போராடுகிறது என்று இதன் கதைப்போக்கைச் சுருக்குவர். இச்சுருக்கம் முற்றும் பிழையன்று, ஆயினும் போதாதது.

ஆங்கிலக் கல்வி ஹராம் என்னும் சொல் நாவலில் ஒலிக்கிறது. அச்சொல் யாருக்குப் பயன்படுகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும். வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி நிலமும் ஊராட்சியும் கைக்கொண்டவர். பள்ளிவாசலின் நிர்வாகம் அவர் சொற்படி நடக்கிறது. ஓதிக்கொடுத்து வாழும் லெப்பை அவருடைய தயவை நம்பியிருப்பவர். ஓதிக்கொடுப்பவரின் உணவு ஒரு செல்வரின் கையில் இருக்கும்வரை, அவர் கூறும் மார்க்கத் தீர்ப்பும் அச்செல்வரின் கையை விட்டு அகலாது. வெளியூரிலிருந்து வரும் தங்ஙள் இதே அமைப்பைத் தம் ஆதாயத்திற்குப் பயன்படுத்திக்கொள்கிறார். ஊரார் எழுத்தறிந்தால் ஓலைகளையும் கணக்குகளையும் தாமே படித்துக்கொள்வர். கைகட்டி நிற்பது குறையும். முதலாளியின் அச்சம் இதுவே எனக் கொள்வதற்கு அப்பாத்திரப் படைப்பு முழுதும் சான்றாகிறது. சமயம் அவ்வச்சத்திற்குச் சொல் வழங்குகிறது.

அவரை எதிர்த்து நிற்பவர்களும் முஸ்லிம்களே என்பது ‘பழமை x புதுமை’ வாய்பாட்டில் மறைந்துபோகும் மற்றொரு செய்தி. சுறாப்பீலி வாணிகர் மஹ்மூது தன்மானத்தை முன்னிட்டு முதலாளிக்கு அடங்க மறுப்பவர். பள்ளி ஆசிரியராக வரும் மெஹபூப்கானும் அதே சமயத்தவர். ஆகவே நாவலின் போராட்டம் ஒரு சமூகத்திற்கும் வெளியுலகிற்கும் இடையே நிகழவில்லை. அச்சமூகத்தின் உள்ளேயே, சொல்லும் உரிமை யாருக்கு என்பதைக் குறித்து நிகழ்கிறது. முதலாளியின் மகள் ஆயிஷாவின் வாழ்வு தந்தையின் குலப்பெருமைக்குப் பலியாவதை இதனோடு இணைத்துக் காணவேண்டும். ஊரின் சிறார் கல்வியையும் சொந்த மகளின் மணத்தையும் ஒரே அதிகாரம் ஒரே முறையில் முடிவு செய்கிறது. கல்விக் கதையும் மணக்கதையும் இரண்டாகத் தோன்றினும் நாவலின் கட்டமைப்பில் அவை ஒன்றே.

திருவிதாங்கூர் வரலாறும் இவ்வாசிப்பிற்குத் துணைநிற்கிறது. ‘ஸ்வதேசாபிமானி’ இதழை 1905இல் நிறுவிய வக்கம் மௌலவி (1873-1932), முஸ்லிம் மாணவர் பயிலும் அரசுப் பள்ளிகளில் அரபி கற்பிக்க வேண்டுமெனத் திருவிதாங்கூர் அரசை வலியுறுத்தி அதில் வெற்றியும் கண்டார். மறைமொழியைப் பொதுப்பள்ளிக்குள் கொண்டுவந்தால் பெற்றோரின் அச்சம் நீங்கிக் குழந்தைகள் வருவர் என்பது அவரது கணிப்பு. பொதுப்பள்ளிக்கு வழி திறந்தவரும் ஒரு மார்க்க அறிஞரே என்பதை நினைவிற்கொண்டால், மீரானின் கிராமத்தில் மூடப்பட்ட கதவை மூடியது மார்க்கம்தான் என்று எளிதில் சொல்ல இயலாது. மலபாரிலோ, ஓத்துப்பள்ளிகளுக்கு உதவித்தொகை அளித்து அவற்றினுள்ளேயே எழுத்தும் எண்ணும் சேர்க்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில அரசு முயன்றது. ஒன்று பள்ளிக்கூடத்தினுள் ஓதுதலைக் கொண்டுவந்தது. மற்றொன்று ஓதுபள்ளியினுள் வாசித்தலைக் கொண்டுசென்றது. இரு வழிகளிலும் குழந்தை இரண்டில் ஒன்றைத் துறக்கத் தேவையில்லாது போயிற்று.

சல்மா: வீட்டு வாயிற்படி

‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யின் காலத்தில் பள்ளிக்கூடம் ஊரில் நிலைபெற்றுவிட்டது. சிறுமி ராபியா பள்ளிக்குச் செல்கிறாள். எவரும் அதனை ஹராம் என்பதில்லை. மீரானின் முதலாளி தோற்றுப்போன பிந்தைய உலகம் இது எனலாம். ஆனால் பள்ளிக்குச் செல்லும் சிறுமியைச் சுற்றிலும், பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்கள் வாழ்கின்றனர். பருவமெய்துதல் என்பது அங்கே கல்வியின் எல்லைக்கோடு. ராபியாவின் விளையாட்டும் வெளியுலகும் அவ்வெல்லையை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதை வாசகர் அறிவர். அச்சிறுமிக்கு அது முழுமையாகத் தெரியாது. நாவலின் அவலம் இவ்விடைவெளியில் அமைகிறது.

தடைக்கு இங்குத் தனியொரு முதலாளி இல்லை. தடை வீட்டினுள் பரவிக் கிடக்கிறது. அதனைக் காவல் செய்வோருள் பெரும்பாலோர், தாமே அத்தடைக்கு உள்ளான பெண்கள். தாயும் பெரியம்மாவும் அண்டைவீட்டாரும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மகளை உள்ளே இருத்துகின்றனர். சல்மா தாமும் பதின்மூன்றாம் வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். நூலகத்து நூல்களின் வழியே தம் கல்வியைத் தொடர்ந்தவர் என்பது அவரே பலமுறை பதிவு செய்த செய்தி. ஆயினும் நாவலைத் தன்வரலாறாகச் சுருக்குதல் தகாது. பருவமெய்திய பெண்ணை வீட்டினுள் இருத்தும் வழக்கம் தமிழ்ச் சமூகத்தின் பல சாதியினரிடமும் இருந்து வந்ததே. முஸ்லிம் சமூகத்தில் அதற்கு மார்க்கத்தின் பெயர் சூட்டப்படுகிறது. பிறரிடத்தில் குலவழக்கம் என்னும் பெயர். பெயர் வேறுபடுவதால் ஒன்று சமயச் சிக்கலாகவும் மற்றொன்று சமூகச் சிக்கலாகவும் ஆராயப்படுவது ஆய்வுலகின் பார்வைக்கோளாறு என்றே கருத வேண்டியுள்ளது.

பஷீரின் குஞ்ஞுபாத்தும்மாவிடம் எழுப்பப்படாத வினாவைச் சல்மா எழுப்புகிறார். எழுத்தறிந்த பெண், படித்ததையும் கண்டதையும் வைத்துக்கொண்டு மூடிய அறையில் என்ன செய்வாள்? அவள் தன் உடலையும் ஆசையையும் பற்றிப் பேசத் தொடங்குவாள் என்பதே இந்நாவலின் விடை.

நேரமும் இடமும்

மேற்கண்ட நான்கு நாவல்களிலும் ஓதுபள்ளி குழந்தையின் பகைவனாகக் காட்டப்படவில்லை. அதே வேளையில் அது குற்றமற்ற இடமாகவும் காட்டப்படவில்லை. பெருமிதம், நில அதிகாரம், உடல்மீதான கண்காணிப்பு ஆகிய மூன்றும் பேசுவதற்கான மொழியை மார்க்கத்திடமிருந்து கடன் பெறுகின்றன. கடன் தர மறுக்கும் ஆற்றல் ஊர்ச் சம்பளத்தில் வாழும் லெப்பைக்கு இருப்பதில்லை. இக்கருத்து இன்றைய விவாதத்திற்கும் பொருந்துவது.

கேரளத்தில் 1951இல் தோன்றிய சமஸ்த கேரள இஸ்லாம் மத வித்யாப்யாச போர்டு, வகுப்புமுறை, பாடநூல், தேர்வு ஆகியவற்றுடன் மதரசாக்களை ஒழுங்குபடுத்தியது. பொதுப்பள்ளி தொடங்குமுன் காலையில் மதரசா முடிந்துவிடும் ஏற்பாட்டினால் குழந்தைகள் இரண்டிற்கும் செல்ல முடிகிறது. 2025இல் அம்மாநில அரசு உயர்நிலைப் பள்ளி நேரத்தை அரைமணி கூட்டியபோது, மதரசா வகுப்புகள் பாதிக்கப்படும் என்று சமஸ்தா எதிர்ப்புத் தெரிவித்தது. அரைமணி நேரத்திற்கான இவ்வழக்கைச் சிலர் பிற்போக்கு என்றனர். ஆனால் பன்மைச் சமூகத்தில் கல்வி என்பது நடைமுறையில் இத்தகைய பேச்சுவார்த்தையே. இரு பள்ளிகளுக்கும் இடையே குழந்தை நடந்து செல்லும் நேரத்தைக் குறித்து அரசும் சமூகமும் பேசிக்கொண்டிருக்கும்வரை, அக்குழந்தை இரண்டிலும் இருக்கும். பேச்சு முறிந்து ஒன்றை மூடவோ மற்றொன்றை விலக்கவோ முற்படும்போது, முதலில் வீட்டுக்குத் திரும்புபவள் சுஹராவாகவே இருப்பாள்.

பெண்களுக்கென ‘ஆலிமா’ பட்டம் வழங்கும் நிஸ்வான் மதரசாக்கள் தமிழகத்தில் பல ஊர்களில் இயங்குகின்றன. பருவமெய்திய பின் வீட்டினுள் இருத்தப்படும் பெண்ணுக்கு அவை வெளியே வர ஒரு வழி. பொதுக்கல்வியைத் தொடரவேண்டிய பெண்ணுக்கு அவையே மாற்றுவழியாகி அவளை நிறுத்திவிடவும் கூடும். அங்கே ஓதும் பெண், லெப்பையின் துணையின்றி மறையின் பொருளைத் தானே வாசிக்கும் நிலையை எய்துகிறாள் என்பதும் எண்ணத்தக்கது. இவ்விரு முகமும் கொண்ட பாத்திரம் நாம் எடுத்துக்கொண்ட நாவல்களுள் இல்லை. அப்பாத்திரம் எழுதப்படும்போது ஓதுதல், வாசித்தல் என்னும் பிரிவே மறுபரிசீலனைக்கு உள்ளாகும்.

தொகுப்புரை

ஓதுபள்ளியும் பள்ளிக்கூடமும் எதிரெதிர் நிற்பன என்னும் கருத்து இந்நாவல்களின் அனுபவத்தால் உறுதிப்படவில்லை. குழந்தையின் கல்வி ‘பால்யகால சகி’யில் வறுமையாலும், ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ நாவலில் குலப்பெருமையாலும், ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் நில அதிகாரத்தாலும், ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் பெண்ணுடல் மீதான காவலாலும் தடைப்படுகிறது. இத்தடைகளுள் சில சமயத்தின் மொழியில் பேசுகின்றன. அம்மொழியை வழங்குவோரின் பொருளியல் சார்பு அதற்குக் காரணமாகிறது. தடையை நீக்க முன்வந்தோரும், நாவல்களிலும் வரலாற்றிலும், பெரும்பாலும் அதே சமூகத்தினராகவே காணப்படுகின்றனர்.

ஆகவே முஸ்லிம் சிறார் கல்வியைப் பற்றிய ஆய்வு, மதரசாவின் பாடத்திட்டத்தை எடைபோடுவதோடு நின்றுவிடுதல் கூடாது. ஓதிக்கொடுப்பவருக்கு ஊதியம் தருவோர் யார், பள்ளி நேரத்தை முடிவு செய்வோர் யார், பதின்மூன்று வயதில் சிறுமியின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்கும்போது அவள் வீட்டில் பேசப்படும் சொற்கள் யாவை என்பனவற்றையும் அது கேட்டல் வேண்டும். சட்டமன்றத்தின் ஆவணங்களில் இவ்வினாக்களுக்கு விடை அரிதாகவே கிடைக்கும். நாவல்களில் அது இருக்கிறது.